கயிற்றில் சுற்றும் கல்லை எது வெளியே இழுக்கிறது?

கேள்வி இதுதான்: கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றும்போது கல் மீதான விசை மையத்தை நோக்கி இருக்கிறது என்று பாடத்தில் வருகிறது. ஆனால் சுற்றுகிற கையில் தெரிவது வெளிப்பக்க இழுப்பு, பேருந்து திரும்பும்போதும் உடம்பு வெளியேதான் சாய்கிறது. அப்படியானால் மையவிலக்கு விசை என்று ஒன்று இருக்கிறதா, இல்லையா? விசை உள்நோக்கித்தான் என்றால் கல் ஏன் கைக்கே வந்து சேரவில்லை?

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், அது புரிந்துவிட்டால் மற்றதில் பாதி தானாக அவிழ்ந்துவிடும். கல் உள்ளே விழுந்துகொண்டேதான் இருக்கிறது. எதிலிருந்து விழுகிறது என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. எந்த விசையும் இல்லாவிட்டால் கல் இந்த நொடியில் எந்தத் திசையில் போகிறதோ அதே திசையில் நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். அந்த நேர்கோடு வட்டத்துக்குத் தொடுகோடு. தொடுகோட்டில் போனால் ஒவ்வொரு நொடியும் மையத்தைவிட்டு விலகிக்கொண்டே போகும் அல்லவா, அந்த விலகலைச் சரியாக ஈடுகட்டும் அளவுக்கு மட்டும் கயிறு அதை உள்ளே கொண்டுவருகிறது. அதனால் தூரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கல் மையத்துக்கு வரவேண்டுமென்றால் அந்தப் பக்கவாட்டு வேகம் தொலைய வேண்டும், கயிறு அதைத் தொடவே தொடாது.

இதையே கொஞ்சம் கணக்காகப் போட்டால் வட்ட இயக்கத்தின் முக்கியமான சூத்திரம் நுண்கணிதம் இல்லாமலே கைக்கு வந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த வழி இது, ஒரு தாளில் வரைந்துகொண்டே படியுங்கள். வட்டத்தின் மேல் ஒரு புள்ளி, அங்கிருந்து தொடுகோட்டில் கல் மிகக் குறுகிய நேரம் நேராகப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தை மையத்தோடு இணைத்தால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். ஒரு பக்கம் ஆரம், இன்னொரு பக்கம் கல் நேராகப் போன தூரம், கர்ணம் என்பது ஆரத்தோடு ஒரு சின்ன இடைவெளி சேர்ந்தது. அந்த இடைவெளிதான் கல் உள்ளே விழுந்தாக வேண்டிய தூரம். பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டு, சின்ன இடைவெளியின் இருமடி மிக மிகச் சிறியது என்று அதை விட்டுவிட்டால், இடைவெளி = போன தூரம்² ÷ (2 × ஆரம்) என்று வரும். போன தூரம் என்பது வேகம் × நேரம். மறுபக்கம், சீரான முடுக்கத்தில் விழும் எந்தப் பொருளும் விழும் தூரம் ½ × முடுக்கம் × நேரம்² என்பது ஏற்கெனவே தெரியும். இரண்டையும் சமன் செய்தால் நேரமும் அரையும் அடிபட்டுப்போய் மிஞ்சுவது: முடுக்கம் = வேகம்² ÷ ஆரம். அவ்வளவுதான். ஹாலந்தைச் சேர்ந்த கிறிஸ்டியான் ஹைகன்ஸ் இந்த முடிவை 1659-லேயே கண்டுபிடித்துவிட்டார், ஆனால் அச்சில் வந்தது 1673-ல். நியூட்டன் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

நியூட்டன் அதை வைத்து என்ன செய்தார் என்பதுதான் இந்தப் பாடத்திலேயே அழகான இடம். நிலா நம்மிடமிருந்து சராசரியாக 3,84,400 கி.மீ. தூரத்தில், 27.3 நாளுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது, அதாவது விநாடிக்குச் சுமார் 1.02 கி.மீ. வேகம். இருமடியாக்கி ஆரத்தால் வகுத்தால் முடுக்கம் 0.0027 மீ/வி². அந்த ஒரு விநாடியில் நிலா தன் நேர்கோட்டிலிருந்து பூமியை நோக்கி விழும் தூரம் வெறும் 1.36 மில்லிமீட்டர். ஒரு கிலோமீட்டர் பக்கவாட்டில் போகும் நேரத்தில் ஒன்றேகால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விழுகிறது. இங்கே தரையில் கையிலிருந்து நழுவிய பொருள் முதல் விநாடியில் 4.9 மீட்டர் விழும். நிலா இருப்பது பூமியின் ஆரத்தைப் போல் சுமார் 60 மடங்கு தூரத்தில். ஈர்ப்பு தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைந்தால் 60 × 60 = 3600-ல் ஒரு பங்காக வேண்டும். 4.9 மீட்டரை 3600-ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 1.36 மி.மீ. மரத்திலிருந்து பழத்தை விழவைப்பதும் நிலாவைச் சுற்றவைப்பதும் ஒரே விசைதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? 1687-ல் வெளிவந்த தன் பெரிய நூலில் அவர் இந்த ஒப்பீட்டை முறையாகவே செய்து காட்டினார்.

செயற்கைக்கோள்களும் இதே கதைதான். பூமி வளைந்திருப்பதால், தரையை ஒட்டி நேராக 7.9 கி.மீ. போனால் தரை உங்களுக்குக் கீழே 4.9 மீட்டர் இறங்கியிருக்கும். எனவே காற்றே இல்லாத ஒரு பூமியில் விநாடிக்கு 7.9 கி.மீ. வேகத்தில் கிடையாக எறிந்த பொருள் விழுந்துகொண்டே இருந்தும் தரையைத் தொடாது. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் விநாடிக்கு 7.66 கி.மீ. வேகத்தில் போகிறது, அங்கே ஈர்ப்பு இல்லை என்று பலர் நம்புகிறார்கள், உண்மையில் தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 89 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. வீரர்கள் மிதப்பதற்குக் காரணம், அவர்களும் நிலையமும் ஒரே மாதிரி விழுந்துகொண்டிருப்பதுதான்.

அடுத்தது வேகம். சீரான வேகத்தில் சுற்றும் பொருளுக்கு முடுக்கம் எப்படி வரும் என்று நிறையப் பேர் தடுமாறுவார்கள். முடுக்கம் என்றாலே வேகம் கூடுவது என்று மனதில் பதிந்துவிட்டதால் வரும் தடுமாற்றம் இது. திசைவேகத்தில் எந்த மாற்றம் வந்தாலும் அது முடுக்கம்தான், திசை மட்டும் மாறினாலும் சரி. விசை எப்போதும் போகிற திசைக்குச் செங்குத்தாக இருப்பதால் அது பொருளின் மீது வேலை எதுவும் செய்வதில்லை, இயக்க ஆற்றல் அப்படியே இருக்கிறது, திசை மட்டும் திரும்புகிறது. நிலா எத்தனையோ கோடி வருஷமாகச் சுற்றியும் அதைச் சுற்றவைக்க யாரும் ஆற்றல் செலவழிக்க வேண்டியிருக்கவில்லை என்பது இதனால்தான்.

சரி, மையநோக்கு விசைக்கு வருவோம். கணக்குகளில் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். படம் வரையும்போது எடை, இழுவிசை, உராய்வு எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கூடவே மையநோக்கு விசை என்று இன்னொரு அம்புக்குறியும் போடுவார்கள். போடக்கூடாது. மையநோக்கு விசை என்பது ஆளின் பெயர் இல்லை, பதவியின் பெயர். கயிற்றில் சுற்றும் கல்லுக்கு அந்தப் பதவியில் இருப்பது கயிற்றின் இழுவிசை, நிலாவுக்கு ஈர்ப்பு, வளைவில் திரும்பும் காருக்குச் சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு. உண்மையில் இருக்கும் விசைகளை மட்டும் வரையுங்கள், மையத்தை நோக்கிய திசையில் அவற்றின் கூட்டுத்தொகையைப் போடுங்கள், அது நிறை × வேகம்² ÷ ஆரம் என்பதற்குச் சமமாக இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை.

கார் உதாரணத்தை எண்ணோடு பார்த்துவிடலாம், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. சமதளச் சாலையில் 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு, காய்ந்த சாலையில் உராய்வுக் குணகம் (உராய்வு அதிகபட்சம் எடையில் எத்தனை பங்கு வரும் என்பது) 0.7 என்று வைத்துக்கொள்வோம். உராய்வு தரக்கூடிய அதிகபட்ச முடுக்கம் 0.7 × 9.8. அதை ஆரத்தால் பெருக்கினால் 343, வர்க்கமூலம் எடுத்தால் விநாடிக்கு 18.5 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 67 கி.மீ. மழை பெய்து குணகம் 0.4-க்கு இறங்கினால் அதே வளைவில் எல்லை மணிக்கு 50 கி.மீ. ஆகிவிடும். இதில் காரின் நிறை எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கனமான வண்டி என்பதால் வளைவில் நன்றாகப் பிடிக்கும் என்ற நம்பிக்கைக்கு இந்தக் கணக்கில் இடமில்லை: உராய்வு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு தேவையும் கூடிவிடுகிறது. அப்புறம், வேகத்தின் இருமடி என்பதை மறக்கவே கூடாது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தேவைப்படும் உராய்வு நான்கு மடங்கு, சாலை அதைத் தர முடியாத நொடியில் சக்கரம் வழுக்கி, கார் வளைவைவிட்டு வெளிப்பக்கம் போய்விடும். எதுவும் அதை வெளியே தள்ளவில்லை, உள்ளே திருப்பப் போதுமான விசை கிடைக்கவில்லை, அவ்வளவே. நெடுஞ்சாலை வளைவுகளில் வெளிவிளிம்பை உயர்த்திச் சரிவாகப் போடுவதும் இதனால்தான், சாய்ந்த சாலை வண்டியைத் தாங்கும் விசையின் ஒரு பகுதியே மையத்தை நோக்கித் திரும்பிவிடுவதால் உராய்வின் சுமை குறைகிறது.

இப்போது உங்கள் கை. கையில் நீங்கள் உணரும் வெளிப்பக்க இழுப்பு முழுக்க உண்மை. ஆனால் அது செயல்படுவது கையின் மீது, கல்லின் மீது இல்லை. கயிறு கல்லை உள்ளே இழுக்கிறது, அதே கயிறு மறுமுனையில் உங்கள் கையை வெளியே இழுக்கிறது. கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். கல்லை வெளியே இழுக்கும் விசை ஒன்று நிஜமாகவே இருந்தால், அறுந்ததும் கல் மையத்திலிருந்து நேர் எதிர்த்திசையில், ஆரத்தின் நீட்சியில் பறக்க வேண்டும். அப்படிப் போவதில்லை, தொடுகோட்டில் போகிறது. சங்கிலிக் குண்டு எறியும் விளையாட்டு வீரர் எந்த நொடியில் பிடியை விடுகிறார் என்று மெதுவாக ஓட்டி ஒரு காணொளியைப் பாருங்கள், குண்டு அவருக்குப் பக்கவாட்டில் இருக்கும்போது விடுவார், அது அவருக்கு முன்னால் உள்ள மைதானத்துக்குப் போகும். இன்னொரு தவறான எண்ணமும் உண்டு, விட்ட பிறகும் பொருள் கொஞ்ச தூரம் வளைந்தே போகும் என்பது. 1980-ல் அமெரிக்காவில் மைக்கேல் மெக்லாஸ்கி என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் சுருள் குழாய்க்குள் ஓடிய குண்டு வெளியே வந்ததும் எப்படிப் போகும் என்று கல்லூரி மாணவர்களை வரையச் சொன்னார்கள், இயற்பியல் படித்தவர்கள் உட்படப் பலர் வளைந்த பாதையைத்தான் வரைந்தார்கள். குண்டுக்கு வளைவு ஞாபகம் இருக்காது. குழாயின் சுவர் தள்ளுவதை நிறுத்திய கணத்திலிருந்து, கிடைத்தளத்தில் அது நேர்கோடுதான்.

சலவை இயந்திரத்தின் உலர்த்தும் சுற்றிலும் இதேதான் நடக்கிறது. 25 செ.மீ. ஆரமுள்ள உருளை நிமிடத்துக்கு 1200 சுற்று சுற்றினால் அதன் விளிம்பில் முடுக்கம் ஈர்ப்பு முடுக்கத்தைப் போல் 400 மடங்கு. உருளையின் சுவர் துணியை அத்தனை பலத்தோடு உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கிறது. துளை இருக்கும் இடத்தில் நீரைத் தள்ளச் சுவர் இல்லை, துணியின் பிடிமானமும் இவ்வளவு முடுக்கத்துக்குப் போதாது, அதனால் நீர் தன் வழியில் நேராகப் போய்விடுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, "அப்படியென்றால் மையவிலக்கு விசை பொய்" என்று முடித்துவிடுவது எளிது. பல ஆசிரியர்கள் அப்படித்தான் முடிக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எங்கே நின்று பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. தரையில் நிற்பவருக்குப் பேருந்து இடப்பக்கம் திரும்புகிறது, பயணி நேராகப் போக முயல்கிறார், இருக்கையும் வலப்பக்கச் சுவரும் வந்து அவரை இடப்பக்கம் தள்ளுகின்றன. பேருந்துக்குள்ளேயே இருந்து, பேருந்து அசையவில்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுபவருக்கு, காரணமே தெரியாமல் எல்லாப் பொருளும் வலப்பக்கம் நகர்கிறது. அவர் நியூட்டனின் விதிகளை அங்கேயும் பயன்படுத்த வேண்டுமென்றால் நிறை × வேகம்² ÷ ஆரம் அளவில் வெளிநோக்கிய ஒரு விசையைச் சேர்த்தே ஆக வேண்டும். இதைப் போலி விசை என்கிறோம். அதைத் தருவதற்கு எந்தப் பொருளும் இல்லை, எதிர்வினை இல்லை, ஆனால் சுழலும் குறிப்பாயத்துக்குள் (குறிப்பாயம் என்பது எதை அசையாததாக வைத்துக்கொண்டு அளக்கிறோமோ அது, இங்கே திரும்பும் பேருந்து) அதைச் சேர்த்துப் போடும் கணக்கு சரியான விடையைத் தருகிறது.

ஆனால் சுழலும் குறிப்பாயத்துக்குள் போனால் அரைகுறையாகப் போக முடியாது. சுற்றும் ராட்டினத்தில் உட்கார்ந்து வெளியே நிற்கும் ஒரு மரத்தைப் பாருங்கள். ராட்டினம் அசையவில்லை என்று கொண்டால் மரம்தான் உங்களை எதிர்ப்பக்கமாகச் சுற்றிவருகிறது. வட்டத்தில் சுற்றுவதால் அதற்கு உள்நோக்கிய விசை தேவை. ஆனால் நாம் இப்போது சேர்த்த மையவிலக்கு விசையோ அதை வெளியே தள்ளுகிறது. கணக்கு உதைக்கிறதே? அங்கேதான் கொரியோலிஸ் விசை வருகிறது. பிரான்ஸைச் சேர்ந்த காஸ்பார்-குஸ்தாவ் கொரியோலிஸ் 1835-ல் எழுதியது. சுழலும் குறிப்பாயத்துக்குள் நகரும் எந்தப் பொருளுக்கும் இதைச் சேர்க்க வேண்டும். மரத்தின் விஷயத்தில் இதன் அளவு மையவிலக்கு விசையைப் போல் சரியாக இரண்டு மடங்கு, திசை உள்நோக்கி. இரண்டிலிருந்து ஒன்றைக் கழித்தால் உள்நோக்கி ஒரு மடங்கு மிஞ்சுகிறது, மரம் வட்டத்தில் சுற்ற அது துல்லியமாகப் போதும். முதல் தடவை இதைத் தாளில் போட்டுப் பார்க்கும்போது கிடைக்கும் திருப்தி தனி. ஆகவே தேர்வுத்தாளில் ஏதாவது ஒரு குறிப்பாயத்தைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். தரையில் நின்று பார்ப்பதாக ஆரம்பித்து, நடுவில் மையவிலக்கு விசையைச் சேர்த்தால் இரண்டும் அடிபட்டு "நிகர விசை பூஜ்யம்" என்று வரும், நிகர விசை பூஜ்யமாக இருக்கும் பொருள் வட்டத்தில் சுற்றவே சுற்றாது.

நாம் எல்லோருமே ஒரு சுழலும் குறிப்பாயத்தில்தான் வாழ்கிறோம். நிலநடுக்கோட்டில் நிற்பவர் விநாடிக்குச் சுமார் 465 மீட்டர் வேகத்தில் சுற்றுகிறார், அதற்குத் தேவைப்படும் மையநோக்கு முடுக்கம் 0.034 மீ/வி². ஈர்ப்பின் ஒரு சிறு பங்கு அதற்குச் செலவாகிவிடுவதால் தராசு காட்டும் எடை அந்த அளவுக்குக் குறைகிறது. துருவத்தில் ஈர்ப்பு முடுக்கம் 9.832, நிலநடுக்கோட்டில் 9.780. வித்தியாசத்தில் பெரும்பகுதி சுழற்சியால், மீதி பூமி நடுவில் புடைத்திருப்பதால் (அந்தப் புடைப்பும் சுழற்சியால் வந்ததுதான்). 1672-ல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவின் கயேனுக்குப் போனபோது, பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கியது. ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒன்றல்ல என்பது அப்படித்தான் அளவில் சிக்கியது.

பேருந்து உதாரணத்தோடு சேர்த்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கச் சொல்வேன். ஹீலியம் பலூனின் நூலைக் காருக்குள் தரையில் கட்டி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, யாராவது வண்டியை மெதுவாக இடப்பக்கம் திருப்பட்டும், நீங்கள் பலூனைப் பாருங்கள். பயணிகள், பை, தொங்கும் சாவிக்கொத்து எல்லாம் வலப்பக்கம் சாயும், பலூன் மட்டும் இடப்பக்கம், வளைவின் மையத்தை நோக்கிச் சாயும். காருக்குள் இருக்கும் காற்றும் நேராகப் போக முயன்று வலப்பக்கம் கொஞ்சம் நெருக்கியடித்து நிற்கிறது, அங்கே அழுத்தம் சற்றுக் கூடுகிறது. அந்த அழுத்த வேறுபாடுதான் உள்ளே இருக்கும் ஒவ்வொரு துளிக் காற்றையும் வளைவோடு திருப்புகிறது. பலூன் அடைத்திருக்கும் இடத்துக்கும் அதே தள்ளு கிடைக்கிறது, ஆனால் பலூன் அதே கன அளவுள்ள காற்றைவிட லேசானது, அதனால் தேவைக்கு அதிகமாகவே உள்ளே போகிறது. ஆய்வகத்தில் ரத்த மாதிரியைச் சுழற்றிப் பிரிக்கும் கருவியில் கனமான செல்கள் அடியில் போய்ச் சேர்வதும், லேசான பகுதி மையத்தின் பக்கம் நிற்பதும் இதே காரணத்தால்தான்.

செங்குத்து வட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த சந்தேகம் அங்கேதான் வரும். வாளியில் நீர் வைத்துத் தலைக்கு மேலே சுற்றினால் ஏன் கொட்டுவதில்லை? உச்சியில் நீர் மீது மேல்நோக்கிய விசை எதுவும் இல்லை. எடை கீழே, வாளியின் அடிப்பாகம் தருவதும் கீழே. அப்படியிருந்தும் கொட்டாததற்குக் காரணம், நீர் விழத்தான் செய்கிறது, வாளி அதைவிட வேகமாகக் கீழே வளைகிறது. உச்சியில் கிடையாகப் போகும் நீரைத் தனியாக விட்டால் அது எறிந்த பொருளைப் போல ஒரு பரவளையத்தில் போகும், வேகம் போதுமான அளவு இருந்தால் அந்தப் பரவளையம் வட்டத்துக்கு வெளியே இருக்கும், அங்கே வாளியின் அடிப்பாகம் குறுக்கே நின்று நீரை உள்ளே தள்ளுகிறது. எல்லை எங்கே என்றால், வேகம்² ÷ ஆரம் ஈர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாகும் இடத்தில். ஒரு மீட்டர் ஆரத்துக்கு அது விநாடிக்கு 3.1 மீட்டர், சீராகச் சுற்றினால் ஒரு சுற்றுக்கு இரண்டு விநாடி. இரண்டு விநாடிக்குள் சுற்றை முடித்தால் நனைய மாட்டீர்கள், நிதானமாகச் சுற்றினால்தான் ஆபத்து.

கயிற்றில் கட்டிய கல்லை ஒருமுறை தள்ளிவிட்டு அதன் போக்கில் விட்டால் வேகம் சீராக இருக்காது, மேலே ஏறும்போது குறைந்து இறங்கும்போது கூடும். உச்சியில் அந்த 3.1 மீட்டர் மிஞ்ச வேண்டுமென்றால் அடியில் விநாடிக்கு 7 மீட்டராவது இருக்க வேண்டும், அப்போது அடியில் கயிற்றின் இழுவிசை கல்லின் எடையைப் போல் 6 மடங்கு. அதனால்தான் இப்படிச் சுற்றும் கயிறு அறுந்தால் பெரும்பாலும் அடியில் அறுகிறது. கயிற்றுக்குப் பதிலாகக் கம்பி என்றால் கணக்கு மாறிவிடும்: கயிற்றால் இழுக்க மட்டும்தான் முடியும், கம்பியால் தாங்கவும் முடியும், எனவே உச்சியில் வேகம் கிட்டத்தட்ட பூஜ்யமானாலும் கல் சுற்றை முடித்துவிடும், அடியில் 6.3 மீட்டருக்குச் சற்று மேல் இருந்தாலே போதும்.